இணையத் தொலைபேசி மென்பொருளை அமைத்தல்

இணையத் தொலைபேசி மென்பொருளை அமைத்தல் என்பது, இணையத்தின் ஊடாகக் குரல் அழைப்புகளை மேற்கொள்ள உதவும் மென்பொருள் ஒன்றைக் கணினியிலோ கைபேசியிலோ நிறுவி, முதல் அழைப்பை மேற்கொள்ளக்கூடிய நிலைக்குக் கொண்டுவரும் செயல் ஆகும். கணக்கு ஒன்றைப் பதிவு செய்தல், வழங்கியின் முகவரியைக் குறிப்பிடுதல், வலையமைப்பின் தன்மையை அறிதல், ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் தெரிவு செய்தல் என்பன இதனுள் அடங்குகின்றன.

இணையவழிக் குரல் அழைப்புக்கான மென்பொருட்கள் 1990களின் நடுப்பகுதியிலேயே பொதுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. எனினும், வலையமைப்புகள் பற்றிய அறிவு இல்லாத ஒருவர் அவற்றைத் தாமாகவே அமைத்துக்கொள்வது நெடுங்காலம் கடினமாக இருந்தது. இதனை எளிமையாக்கிய முயற்சிகளின் வரலாறு, பயனரிடம் கேட்கப்பட்ட வினாக்களை ஒவ்வொன்றாக மென்பொருளிடமோ சேவை வழங்குநரிடமோ மாற்றிய வரலாறு எனலாம். இம்மாற்றத்தினால் பயன்பாடு எளிதாகியது. அதே வேளை, அவ்வினாக்களுக்கு விடையளிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவரிடமே பயனரின் கணக்கு, தொடர்புப் பட்டியல் ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடும் சென்று சேர்ந்தது.

அமைப்பின் கூறுகள்

ஓர் இணைய அழைப்பு நிகழ்வதற்கு மென்பொருள் நான்கு செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

1. அடையாளம்: பயனர் யார், எந்த வழங்கியில் அவர் பதிவு செய்துகொள்கிறார், அவரது கடவுச்சொல் என்ன என்பன.
2. பாதை: குரல் தாங்கிய பொதிகள் எந்த முகவரிக்கு வந்து சேரவேண்டும் என்பது. வீட்டுத் திசைவிக்குப் பின்னால் உள்ள கணினிகளுக்கு இதுவே மிகவும் சிக்கலான பகுதியாகும்.
3. ஒலிக் கருவிகள்: கணினியில் உள்ள பல ஒலிக் கருவிகளுள் எதிலிருந்து குரலைப் பெறுவது, எதன் வழியாக ஒலிப்பது என்பன.
4. குரல் குறிமுறை: குரலை எண்ணிம வடிவில் சுருக்குவதற்கு இரு முனைகளும் புரிந்துகொள்ளும் பொதுவான முறை எது என்பது.

நான்காவது கூறு இணைப்பின் வேகத்துடன் தொடர்புடையது. மரபுவழித் தொலைபேசி வலையமைப்புகளில் பயன்படும் ஜி.711 என்னும் குறிமுறைக்கு நொடிக்கு 64 கிலோபிட்டுகள் தேவை. 20 மில்லிநொடிக்கு ஒரு பொதி என அனுப்பும்போது, பொதிகளின் தலைப்பகுதிகளையும் சேர்த்து இது ஒரு திசையில் நொடிக்கு 80 கிலோபிட்டுகளாக உயர்கின்றது. நொடிக்கு 56 கிலோபிட்டு அளவே கொண்ட தொலைபேசிவழி இணைய இணைப்புகளால் இதனைத் தாங்க இயலாது. பழைய மென்பொருட்கள் நிறுவலின்போது "உங்கள் இணைப்பு எவ்வகையானது?" என்று கேட்டதன் காரணம் இதுவே.

தொடக்க காலம்

1995 ஆம் ஆண்டில் இசுரேல் நாட்டைச் சேர்ந்த வோக்கல்டெக் நிறுவனம் "இன்டர்நெட் போன்" என்னும் மென்பொருளை வெளியிட்டது. பொதுமக்களுக்காக விற்பனைக்கு வந்த முதல் இணையத் தொலைபேசி மென்பொருட்களுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. 1996 இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் நெட்மீட்டிங் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதே ஆண்டில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எச்.323 என்னும் சீர்தரத்தை ஏற்றுக்கொண்டது.

எஸ்.ஐ.பி. என அழைக்கப்படும் அமர்வு தொடக்க நெறிமுறை, 1999 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆர்.எப்.சி. 2543 ஆகவும், திருத்தப்பட்ட வடிவில் 2002 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆர்.எப்.சி. 3261 ஆகவும் வெளியாகியது. மின்னஞ்சல் முகவரியைப் போன்ற முகவரி ஒன்றைக் கொண்டு எந்த நிறுவனத்தின் பயனரும் வேறெந்த நிறுவனத்தின் பயனரையும் அழைக்கலாம் என்பது இதன் அடிப்படைக் கருத்து ஆகும். யாரும் சொந்தமாக வழங்கி ஒன்றை இயக்கலாம். யாரும் இதற்கான மென்பொருளை எழுதலாம்.

இந்தத் திறந்த தன்மை தெரிவுகளைப் பெருக்கியது. தெரிவுகள் பெருகியதால் வினாக்களும் பெருகின. அக்கால எஸ்.ஐ.பி. மென்பொருள் ஒன்றின் கணக்குப் படிவத்தில் காட்சிப் பெயர், பயனர் பெயர், உறுதிப்படுத்தலுக்கான பயனர் பெயர், கடவுச்சொல், ஆள்களப் பெயர், பதிலி வழங்கி, பதிவு வழங்கி எனப் பல கட்டங்கள் காணப்பட்டன. இவற்றுள் சில பெரும்பாலும் ஒரே மதிப்பைக் கொண்டவை. எனினும் எவை ஒன்றாக இருக்கும், எவற்றை வெறுமையாக விடலாம் என்பது சேவைக்குச் சேவை மாறுபட்டது. ஆள்களப் பெயரைக் கொண்டே வழங்கியின் முகவரியையும் துறை எண்ணையும் கண்டறியும் முறை 2002 இல் ஆர்.எப்.சி. 3263 மூலம் வரையறுக்கப்பட்டது. இதனைப் பின்பற்றும் மென்பொருளில் முகவரி ஒன்றும் கடவுச்சொல் ஒன்றும் இருந்தாலே போதுமானது. ஆனால், சேவை வழங்குநர் தமது ஆள்களப் பெயர்ப் பதிவுகளில் இதற்கான குறிப்புகளைச் சேர்த்திருந்தால் மட்டுமே இம்முறை பயன்படும்.

முகவரி பெயர்ப்பும் ஒருபக்க ஒலியும்

புதிய பயனர்களுக்கு மிகுந்த குழப்பத்தை உண்டாக்கிய சிக்கல், நேட் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வலையமைப்பு முகவரி பெயர்ப்பினால் விளைந்தது. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் முகவரிகள் போதாமையினால், ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள பல கணினிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளே உள்ள கணினிக்கு 192.168.1.5 போன்ற தனிமுகவரி ஒன்று வழங்கப்படுகின்றது. வெளியே செல்லும் பொதிகளில் உள்ள இம்முகவரியைத் திசைவியானது தனது பொது முகவரியாக மாற்றி அனுப்புகின்றது.

வலைப்பக்கம் ஒன்றைப் பார்ப்பதற்கு இதனால் இடையூறு இல்லை. ஏனெனில் தொடர்பு எப்போதும் உள்ளிருந்தே தொடங்குகின்றது. தொலைபேசி அழைப்பு அத்தகையது அன்று. எஸ்.ஐ.பி. நெறிமுறையில் அழைப்புக்கான செய்தி ஒரு வழியாகவும், குரல் வேறொரு வழியாகவும் செல்கின்றன. "எனக்கான குரலை இந்த முகவரிக்கு அனுப்புக" என்று அழைப்புச் செய்தியின் உள்ளே மென்பொருள் எழுதி அனுப்புகின்றது. மென்பொருளுக்குத் தெரிந்ததோ தனது தனிமுகவரி மட்டுமே. எனவே மறுமுனையில் உள்ளவர் தமது குரலை 192.168.1.5 என்ற முகவரிக்கு அனுப்ப முயல்கிறார். அம்முகவரி பொது இணையத்தில் எங்கும் கொண்டு சேர்க்கப்படுவதில்லை.

இதன் விளைவாக மணி ஒலிக்கும், மறுமுனையில் எடுப்பார்கள், அழைத்தவரின் குரல் மறுமுனைக்குக் கேட்கும், மறுமுனையின் குரல் அழைத்தவருக்குக் கேட்காது. இது ஒருபக்க ஒலி எனப்படுகின்றது. இருவரும் திசைவிகளுக்குப் பின்னால் இருப்பின் இருபுறமும் ஒலி இல்லாமலும் போகலாம். பிழை வலையமைப்பில் இருப்பினும், அது ஒலிவாங்கியின் பழுதைப் போலவே தோன்றும். அதனால் பயனர் வடத்தைக் கழற்றி மாட்டுவதிலும், ஒலி அளவைக் கூட்டுவதிலும் நேரத்தைச் செலவிட நேர்கின்றது.

இதற்குத் தீர்வாகக் கூறப்பட்ட வழி, திசைவியின் மேலாண்மைப் பக்கத்துக்குச் சென்று குறிப்பிட்ட துறைகளைக் கணினிக்குத் திருப்பிவிடுவது ஆகும். எஸ்.ஐ.பி. செய்திகளுக்கான துறை எண் 5060. குரலுக்கான துறைகள் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபட்டன. சில திசைவிகள் எஸ்.ஐ.பி. செய்திகளைத் தாமாகவே திருத்தி உதவ முற்பட்டன. அத்திருத்தம் பிழையாக அமைந்து, சரியாக இயங்கிய அழைப்புகளைக் கெடுத்ததும் உண்டு. இதனால் சேவை வழங்குநர்கள் பலர், திசைவியில் உள்ள இந்த வசதியை முதலில் நிறுத்துமாறு தம் வாடிக்கையாளருக்கு அறிவுறுத்தினர்.

ஸ்டன், டர்ன், ஐஸ்

மேற்கண்ட சிக்கலைப் பயனரின் தலையீடு இன்றித் தீர்ப்பதற்காக இணையப் பொறியியல் செயற்குழு மூன்று நெறிமுறைகளை உருவாக்கியது.

ஸ்டன்: இது 2003 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆர்.எப்.சி. 3489 ஆக வெளியானது. பொது இணையத்தில் உள்ள ஸ்டன் வழங்கிக்கு மென்பொருள் ஒரு பொதியை அனுப்புகின்றது. "உன் பொதி இந்த முகவரியிலிருந்தும் இந்தத் துறையிலிருந்தும் வந்தது" என்று அவ்வழங்கி விடையளிக்கின்றது. அதன் மூலம் மென்பொருள் தனது பொது முகவரியை அறிந்துகொள்கின்றது.

டர்ன்: சில திசைவிகள் ஒவ்வொரு சேரிடத்துக்கும் வெவ்வேறு துறையை ஒதுக்குகின்றன. அத்தகைய இடங்களில் ஸ்டன் அளித்த விடை பயன்படுவதில்லை. அப்போது இருமுனைகளுக்கும் இடையில் உள்ள வழங்கி ஒன்று குரலை வாங்கி மறுமுனைக்கு அஞ்சல் செய்கின்றது. இது 2010 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆர்.எப்.சி. 5766 ஆக வெளியாகியது. எல்லாக் குரல் பொதிகளும் வழங்கி வழியாகச் செல்வதால் இதனை நடத்துவதற்கு அலைக்கற்றைச் செலவு ஏற்படுகின்றது.

ஐஸ்: இது அதே மாதத்தில் ஆர்.எப்.சி. 5245 ஆக வெளியாகியது. மென்பொருள் தனது உள்முகவரி, ஸ்டன் மூலம் அறிந்த வெளிமுகவரி, டர்ன் வழங்கியின் அஞ்சல் முகவரி ஆகிய அனைத்தையும் திரட்டி மறுமுனைக்கு அனுப்புகின்றது. இருமுனைகளும் எல்லா இணைகளையும் சோதித்துப் பார்த்து, செயற்படும் பாதைகளுள் சிறந்ததைத் தெரிவு செய்கின்றன.

இங்கு நிகழ்ந்த கருத்து மாற்றம் குறிப்பிடத்தக்கது. 2003 ஆம் ஆண்டின் ஸ்டன் வரையறை, முகவரி பெயர்ப்பிகளை நான்கு வகைகளாகப் பிரித்தது. வகையை அறிந்தால் அதற்கேற்ற வழியைத் தெரிவு செய்யலாம் என எண்ணப்பட்டது. நடைமுறையில் பல திசைவிகள் இவ்வகைகளுள் அடங்காமல் நடந்துகொண்டன. 2008 ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான ஆர்.எப்.சி. 5389 இந்த வகைப்பாட்டைக் கைவிட்டது. வலையமைப்பு எவ்வகையானது என்று ஊகிப்பதை விட, ஒவ்வொரு அழைப்பின்போதும் பாதைகளைச் சோதித்துப் பார்ப்பதே நம்பகமானது என்பது ஐஸ் முறையின் அடிப்படை ஆகும்.

அமைப்பு வழிகாட்டி: எகிகா

அமைப்பு வழிகாட்டி என்பது, முதன்முறை மென்பொருளைத் திறக்கும்போது தோன்றி, ஒரு திரைக்கு ஒரு வினா என்ற முறையில் பயனரை வழிநடத்தும் சாளரங்களின் வரிசை ஆகும். இணையத் தொலைபேசித் துறையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக அமைவது, லினக்ஸ் இயங்குதளத்தின் குனோம் பணிச்சூழலுக்காக எழுதப்பட்ட எகிகா என்னும் கட்டற்ற மென்பொருள் ஆகும். டாமியன் சாண்ட்ராஸ் என்பவரால் தொடங்கப்பட்ட இது, முதலில் குனோம்மீட்டிங் என்னும் பெயரில் எச்.323 நெறிமுறையைப் பயன்படுத்தியது. 2006 ஆம் ஆண்டில் எஸ்.ஐ.பி. ஆதரவுடன் எகிகா எனப் பெயர் மாற்றம் பெற்றது.

எகிகாவின் இரண்டாம் பதிப்பில் வழிகாட்டியானது பயனரின் பெயர், எகிகா சேவையின் கணக்கு, இணைப்பின் வகை, முகவரி பெயர்ப்பின் வகை, ஒலிக் கருவிகள், நிகழ்படக் கருவிகள் ஆகியவற்றை வரிசையாகக் கேட்டது. முகவரி பெயர்ப்பின் வகையைப் பயனரே கூறவேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் மென்பொருள் ஸ்டன் வழங்கியைத் தொடர்புகொண்டு வகையைக் கண்டறிந்தது. ஒலிக் கருவிகளுக்கான திரையில் சோதனைப் பொத்தான் ஒன்று இருந்தது. அமைப்பு முடிந்ததும் 500 என்ற எண்ணில் தொடங்கும் எதிரொலிச் சோதனை முகவரியை அழைக்கலாம். பேசியது சிறிது நேரத்தில் திரும்பக் கேட்டால் கணக்கு, பாதை, ஒலிக் கருவிகள் ஆகியன சரியாக உள்ளன என்பது உறுதியாகும்.

இந்த எதிரொலிச் சோதனையின் சிறப்பு, மற்றொருவரின் உதவி இன்றி அமைப்பைச் சரிபார்க்க முடிவதாகும். முதல் அழைப்பே தோல்வியுற்றால், பிழை தம்முடையதா மறுமுனையுடையதா என்று இருவருக்கும் தெரிவதில்லை. எதிரொலிச் சோதனை ஒரு முனையின் ஐயத்தை நீக்குகின்றது. ஸ்கைப் உள்ளிட்ட பிற மென்பொருட்களும் இத்தகைய சோதனை அழைப்பு வசதியைக் கொண்டிருந்தன.

எகிகாவின் மூன்றாம் பதிப்பில் முகவரி பெயர்ப்பு பற்றிய திரை நீக்கப்பட்டு, அப்பணி பின்னணியில் நிகழுமாறு அமைக்கப்பட்டது. இதன் கடைசிப் பதிப்பான 4.0.1, 2013 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஸ்கைப்

2003 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 ஆம் நாள் ஸ்கைப் மென்பொருளின் முதல் பொதுச் சோதனைப் பதிப்பு வெளியாகியது. சுவீடனின் நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்கின் யானுஸ் பிரீஸ் ஆகியோர் இதன் நிறுவனர்கள்; மென்பொருளை எசுத்தோனிய நிரலாளர்கள் எழுதினர்.

ஸ்கைப் பயனரிடம் கேட்டவை பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே. வழங்கியின் முகவரி, துறை எண், குறிமுறை ஆகியவற்றைப் பற்றிய வினாக்கள் இல்லை. பொது முகவரி கொண்ட பயனர்களின் கணினிகளுள் சில, மீக்கணுக்கள் என்னும் நிலைக்குத் தாமாகவே உயர்த்தப்பட்டு, திசைவிகளுக்குப் பின்னால் உள்ள பிறரின் தொடர்புகளுக்கு உதவின. வேறு வழி கிடைக்காதபோது வலைப் போக்குவரத்துக்கான 80, 443 ஆகிய துறைகளையும் ஸ்கைப் பயன்படுத்தியது. இதனால் பெரும்பாலான தீச்சுவர்களுக்குப் பின்னாலும் அது இயங்கியது.

இவ்வெளிமைக்கான காரணம் நிரலின் திறமை மட்டும் அன்று. மென்பொருள், நெறிமுறை, கணக்கு வழங்கி ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்துக்கு உரியனவாக இருந்தமையால், பயனர் தெரிவு செய்ய வேண்டியது எதுவும் இருக்கவில்லை. ஸ்கைப்பின் நெறிமுறை வெளியிடப்படாத ஒன்று. அதன் பயனர் எஸ்.ஐ.பி. பயனர் ஒருவரை நேரடியாக அழைக்க இயலவில்லை. மேலும், தமது கணினி பிறரின் தொடர்புகளுக்கு உதவுகின்றது என்பது மீக்கணுவாக மாறிய பயனருக்குத் தெளிவாகத் தெரிவிக்கப்படவில்லை. 2011 இல் 8.5 பில்லியன் அமெரிக்க டாலருக்கு ஸ்கைப்பை வாங்க உடன்பட்ட மைக்ரோசாப்ட், 2012 இல் மீக்கணுக்களின் பணியைத் தனது வழங்கிகளுக்கு மாற்றியது.

2025 ஆம் ஆண்டு மே 5 ஆம் நாள் ஸ்கைப் சேவை நிறுத்தப்பட்டது. பயனர்கள் அதே நிறுவனத்தின் டீம்ஸ் சேவைக்கு மாறுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஸ்கைப் கணக்கை வேறு நிறுவனத்தின் வழங்கிக்குக் கொண்டுசெல்லும் வழி இருக்கவில்லை.

அலுவலக இணைப்பகங்கள்

தனிப்பயனரின் மென்பொருளை விடக் கடினமானது, ஓர் அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகத்தை அமைப்பதாகும். 1999 இல் அமெரிக்காவின் மார்க் ஸ்பென்சர், தமது சிறு நிறுவனத்துக்கு இணைப்பகக் கருவி ஒன்றை வாங்கும் செலவைத் தவிர்க்கும் பொருட்டு ஆஸ்டெரிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருளை எழுதினார். இதன் அமைப்புகள் அனைத்தும் உரைக் கோப்புகளில் எழுதப்படுகின்றன. தொலைபேசிகளின் விவரங்கள் ஒரு கோப்பிலும், எந்த எண்ணை அழைத்தால் என்ன நிகழவேண்டும் என்னும் அழைப்புத் திட்டம் வேறொரு கோப்பிலும் இடம்பெறும். இது நெகிழ்வானது; ஆனால் புதியவர்களுக்கு அச்சமூட்டுவது.

ஆஸ்டெரிஸ்க் அட் ஹோம் என்னும் தொகுப்பு இதனை எளிமையாக்கியது. இயங்குதளம், ஆஸ்டெரிஸ்க், உலாவி வழியான மேலாண்மைப் பக்கம் ஆகிய மூன்றும் ஒரே குறுவட்டில் வந்தன. குறுவட்டை இட்டுக் கணினியைத் தொடங்கினால், வன்தட்டில் இருந்தவை அழிக்கப்பட்டு இணைப்பகம் நிறுவப்பட்டது. இது 2006 இல் டிரிக்ஸ்பாக்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மேலாண்மைப் பக்கமாகப் பயன்பட்ட மென்பொருள் பிரீபிபிஎக்ஸ் என்னும் பெயரில் தனியே வளர்ந்தது.

மேசைத் தொலைபேசிகளை அமைப்பதற்குத் தானியங்கி அமைப்பு வழங்கல் என்னும் முறை கையாளப்படுகின்றது. தொலைபேசியை வலையமைப்பில் இணைத்தவுடன், அதற்கு முகவரி வழங்கும் வழங்கியே அமைப்புக் கோப்பு உள்ள இடத்தையும் தெரிவிக்கின்றது. தொலைபேசி தனது வன்பொருள் முகவரிக்குரிய கோப்பைப் பெற்றுக்கொண்டு இயங்கத் தொடங்குகின்றது. கணினி மென்பொருளிலும் இம்முறை காணப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, லின்போன் என்னும் கட்டற்ற மென்பொருளில் விரைவுத் துலங்கல் குறியீடு ஒன்றை நிழற்படக் கருவியால் வருடி அமைப்புகளைப் பெறலாம்.

தொலைபேசி எண்ணும் உலாவியும்

திறன்பேசிகளின் பரவலுக்குப் பின் அடையாளம் பற்றிய வினாவும் குறைந்தது. 2015 இல் குரல் அழைப்பு வசதியை அறிமுகப்படுத்திய வாட்ஸ்அப், தொலைபேசி எண்ணையே கணக்காகக் கொள்கின்றது. குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டால் எண் உறுதி செய்யப்படுகின்றது. கைபேசியின் முகவரிப் புத்தகத்தைப் படித்து, அதிலுள்ளவர்களுள் யார் இச்சேவையைப் பயன்படுத்துகின்றனர் என்பது காட்டப்படுகின்றது. பயனர் பெயரைத் தெரிவு செய்வதோ நண்பர்களைத் தேடுவதோ தேவைப்படுவதில்லை. ஆனால் முகவரிப் புத்தகத்தில் உள்ள பிறரின் எண்களும் சேவை வழங்குநரைச் சென்றடைகின்றன.

மற்றொரு வழி, நிறுவலையே இல்லாமற் செய்வது ஆகும். 2011 இல் கூகுள் நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட வெப்ஆர்டிசி என்னும் நுட்பம், குரல் அழைப்புக்குத் தேவையான பகுதிகளை உலாவிக்குள் அமைத்தது. 2021 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் இது உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக ஏற்கப்பட்டது. பாதையைக் கண்டறிய ஐஸ் முறை பயன்படுகின்றது. குரலை மறையாக்கம் செய்வது கட்டாயம். ஒப்பஸ், ஜி.711 ஆகிய இரு குறிமுறைகளையும் எல்லா உலாவிகளும் ஆதரிக்க வேண்டும் என்பதால் பொதுவான குறிமுறை இல்லாத நிலை எழுவதில்லை. பயனரிடம் எஞ்சியுள்ள வினா, ஒலிவாங்கியைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்பது மட்டுமே.

அழைப்பை எவ்வாறு தொடங்குவது, பயனரை எவ்வாறு அடையாளம் காண்பது என்பனவற்றை வெப்ஆர்டிசி வரையறுக்கவில்லை. அவை ஒவ்வொரு வலைத்தளத்துக்கும் விடப்பட்டன. எனவே இந்நுட்பத்தைப் பயன்படுத்தும் இரு தளங்களின் பயனர்கள் ஒருவரையொருவர் அழைக்க இயலும் என்பதற்கு உறுதி இல்லை.

எளிமையாக்கத்தின் விளைவுகள்

அமைப்பில் உள்ள எல்லா வினாக்களும் தேவையற்றவை அல்ல. சில வினாக்களை நீக்கியதால் அல்லது கேளாமல் விட்டதால் விளைந்த சிக்கல்கள் பின்வருமாறு.

அவசர அழைப்பு: மரபுவழித் தொலைபேசியில் ஓர் எண் எந்த வீட்டில் உள்ளது என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். இணையத் தொலைபேசியை எங்கு வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம் என்பதால், அவசர உதவி கோரி அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்பது தானாகத் தெரிவதில்லை. அமெரிக்காவின் கூட்டரசுத் தொடர்பாடல் ஆணையம் 2005 ஆம் ஆண்டு மே மாதத்தில் பிறப்பித்த ஆணை, பொதுத் தொலைபேசி வலையமைப்புடன் இணைந்த இணையத் தொலைபேசி நிறுவனங்கள் சேவையைத் தொடங்கும் முன்னரே வாடிக்கையாளரின் இருப்பிட முகவரியைப் பெறவேண்டும் என்று விதித்தது. இருப்பிடம் மாறினால் அதனைத் திருத்தவும் வழி இருக்கவேண்டும். இங்கு ஒரு வினாவைச் சேர்ப்பதே பயனரின் பாதுகாப்புக்கு உகந்ததாக அமைந்தது.

முன்னிருப்புக் கடவுச்சொற்கள்: விரைவாக நிறுவப்படும் இணைப்பகங்கள் பல, எல்லோரும் அறிந்த முன்னிருப்புக் கடவுச்சொற்களுடன் வந்தன. இணையத்தில் தானியங்கி நிரல்கள் 5060 ஆம் துறையைத் தேடி, எளிய கடவுச்சொற்களை முயன்று பார்க்கின்றன. வெற்றி கிட்டினால் இணைப்பகத்தின் செலவில் கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்கள் அழைக்கப்படுகின்றன. இதன் கட்டணம் இணைப்பகத்தின் உரிமையாளரிடமே கோரப்படும்.

மறைவான நிறுவல்: 2019 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மேக் கணினிகளில் ஜூம் மென்பொருளானது பயனருக்குத் தெரியாமல் உள்ளக வலை வழங்கி ஒன்றை நிறுவுவது வெளிப்பட்டது. கூட்டத்தில் சேரும்போது கூடுதலாக ஒரு சொடுக்கைத் தவிர்ப்பதே இதன் நோக்கம் என நிறுவனம் விளக்கியது. மென்பொருளை நீக்கிய பின்னரும் அவ்வழங்கி கணினியிலேயே தங்கி, மென்பொருளை மீண்டும் நிறுவ வல்லதாக இருந்தது. நிறுவனம் இதனை அகற்றும் இற்றைப்படுத்தலை வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனமும் தன் பங்குக்கு அதனை நீக்கியது.

கணக்கில்லா அழைப்பு: ஜிட்சி மீட் என்னும் கட்டற்ற மென்பொருளின் பொதுத் தளம், கணக்கே இன்றி ஓர் இணைப்பின் மூலம் உரையாட வழிவகுத்தது. முறைகேடான பயன்பாடு பெருகியதை அடுத்து, 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் இத்தளத்தில் புதிய அறையைத் தொடங்குபவர் கணக்கு ஒன்றின் மூலம் உள்நுழைய வேண்டும் என்று மாற்றப்பட்டது. மென்பொருள் கட்டற்றது என்பதால், தம் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்பவர்களை இம்மாற்றம் கட்டுப்படுத்தவில்லை.

பொதுவான வடிவமைப்பு நெறிகள்

மேற்கண்ட மென்பொருட்களின் வளர்ச்சியிலிருந்து புதியவர்களுக்கான அமைப்பு பற்றிப் பின்வரும் நெறிகளைப் பெறலாம்.

1. கணினி தானே அறிந்துகொள்ளக்கூடிய எதனையும் பயனரிடம் கேட்காதிருத்தல். பொது முகவரி, துறை எண், குறிமுறை ஆகியன இவ்வகையின.
2. ஊகத்தை விடச் சோதனைக்கு முதன்மை அளித்தல். வலையமைப்பின் நிலை அழைப்புக்கு அழைப்பு மாறலாம்.
3. எதிரொலிச் சோதனையை அமைப்பின் ஒரு பகுதியாகவே வைத்தல்.
4. பிழைச் செய்திகளைப் பயனரின் மொழியில் கூறுதல். எஸ்.ஐ.பி. நெறிமுறையில் 488 என்ற எண், முன்மொழியப்பட்ட ஊடக அமைப்பை மறுமுனை ஏற்கவில்லை என்பதைக் குறிக்கின்றது. குறிமுறை பொருந்தாதபோது இது எழலாம். எண்ணை மட்டும் காட்டும் மென்பொருள் புதியவருக்கு எதனையும் தெரிவிப்பதில்லை.
5. மேம்பட்ட அமைப்புகளை நீக்கிவிடாமல் தனிப் பகுதியில் வைத்தல். சொந்த வழங்கியை இயக்குபவர்களுக்கு அவை இன்றியமையாதவை.
6. பாதுகாப்புக்கும் ஒப்புதலுக்கும் தேவையான வினாக்களைத் தக்கவைத்தல். கடவுச்சொல், அவசர அழைப்புக்கான இருப்பிடம், முகவரிப் புத்தகத்தைப் படிப்பதற்கான அனுமதி ஆகியன இவ்வகையின.

அண்மைக்கால நிலை

எளிமையையும் திறந்த தன்மையையும் ஒருசேரப் பெறும் முயற்சிகள் தொடர்கின்றன. ஜாமி என்னும் கட்டற்ற மென்பொருள், கணக்குக்கென மைய வழங்கி ஏதும் இன்றிப் பயனர்களின் கருவிகளுக்கிடையே பரவியுள்ள அட்டவணையின் மூலம் அழைக்கப்படுபவரைக் கண்டறிகின்றது. இதில் வழங்கி பற்றிய வினா எழுவதில்லை. ஆனால் கணக்கு பயனரின் கருவியிலேயே சேமிக்கப்படுவதால், காப்புப்படி எடுக்காதவர் கருவியை இழந்தால் கணக்கையும் இழக்க நேரிடும்.

சட்டத்தின் வழியிலும் முயற்சிகள் உள்ளன. 2022 இல் நிறைவேற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைகள் சட்டம், வாயிற்காப்போர் என வகைப்படுத்தப்பட்ட பெரிய செய்திச் சேவைகள், கோரும் பிற சேவைகளுடன் இயைந்து இயங்க வழிசெய்ய வேண்டும் என்கின்றது. வாட்ஸ்அப், மெசஞ்சர் ஆகியன 2023 ஆம் ஆண்டு செப்டம்பரில் இவ்வாறு வகைப்படுத்தப்பட்டன. உரைச் செய்திகளுக்கு முதலிலும், குரல், நிகழ்பட அழைப்புகளுக்கு வகைப்படுத்தலிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள்ளும் இவ்வசதி அளிக்கப்பட வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு ஆகும். எந்தச் சேவையின் பயனரும் வேறெந்தச் சேவையின் பயனரையும் அழைக்கலாம் என்ற எஸ்.ஐ.பி. நெறிமுறையின் தொடக்ககால நோக்கத்துடன் இது ஒப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

- அமர்வு தொடக்க நெறிமுறை
- வலையமைப்பு முகவரி பெயர்ப்பு
- ஆஸ்டெரிஸ்க்
- ஸ்கைப்
- வெப்ஆர்டிசி
- கட்டற்ற மென்பொருள்